அவங்களுக்கு அதுதான் பிடிக்கும்!

கொரியாவில் ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்து, தொக்பொக்கி செய்யச் சாமான் தேடினால், குளிர்பெட்டியில் இரண்டு வகைப் பாக்கெட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டிலும் விரல் தடிமனில், வெள்ளை வெளேரென்று உருளை உருளையாய் ஏதோ இருக்கும். பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி. ஒன்றின் பெயர் சல்தொக். அரிசியில் செய்தது. இன்னொன்று மில்தொக். கோதுமை மாவில், அதாவது நம் மைதாவில் செய்தது.

நீங்கள் எதை எடுப்பீர்கள்?

'இதில் என்ன சார் யோசனை? அரிசிதானே ஒரிஜினல். மைதா டூப்ளிகேட்' என்பீர்கள். அவசரப்படாதீர்கள். உங்கள் பக்கத்தில் நிற்கும் அறுபது வயதுக்காரர், மைதா பாக்கெட்டைக் கூடைக்குள் போட்டுக்கொண்டு நிம்மதியாக நடையைக் கட்டலாம். நிறுத்திக் கேட்டால், 'பள்ளிக்கூட வாசல்ல சாப்பிட்ட ருசி இதுலதான் இருக்கு' என்பார்.

அந்த ருசி அவருக்கு எப்படிப் பிடித்துப்போனது? பார்த்தால் சமையல் சமாசாரம் போலத்தான் இருக்கிறது. கொஞ்சம் கிளறினால் அடியில் வேறொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் அடுப்பைப் பற்றவைத்துவிடலாம். காய்ந்த வயிற்றில் தத்துவம் ஏறாது.

தொக்பொக்கி கொரியாவின் தெருவோரத் தின்பண்டம். தொக் என்றால் அரிசி மாவுப் பண்டம். நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சிவப்பான காரக் குழம்பில் கொதிக்கவைத்தால் தொக்பொக்கி. அதிலேயே ராமியோன் நூடுல்ஸையும் போட்டால் ராபொக்கி. நம் வீட்டுப் பிள்ளைகள் கொரிய சீரியல் பார்த்துவிட்டு, 'அம்மா, இது பண்ணிக் குடு' என்று நச்சரிக்கிறார்களே, அதுதான்.

இரண்டு பேருக்குச் செய்யலாம். ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாடு எடுத்துக்கொள்ளுங்கள். தலையையும் வயிற்றுப் பகுதியையும் கிள்ளிப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். நாலு கப் தண்ணீரில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். கொரியர்கள் கூடவே தாசிமா என்கிற காய்ந்த கடல்பாசித் துண்டு ஒன்றையும் போடுவார்கள். கருவாடு ஆகாத வீடுகளில் அந்தப் பாசியும் காய்ந்த காளானும் போதும். இந்தச் சாறில் இரண்டு மேஜைக்கரண்டி கோச்சுஜாங், ஒரு கரண்டி மிளகாய்த்தூள், ஒரு கரண்டி சோயா சாஸ், ஒரு கரண்டி சர்க்கரை. மிளகாய்த்தூள் நம் குண்டூர் ரகம் வேண்டாம். நிறம் அதிகம், காரம் குறைவு என்கிற காஷ்மீரி ரகம் சரியாக இருக்கும்.

கோச்சுஜாங் என்பது கடையில் சிவப்பு டப்பாவில் கிடைக்கிற விழுது. மிளகாய்த்தூள், ஒட்டும் அரிசி, புளிக்கவைத்த சோயா பீன்ஸ் பொடி, முளைகட்டிய தானியம், உப்பு எல்லாம் கலந்து மாதக்கணக்கில் ஜாடியில் ஊறவைப்பது. நாக்கில் வைத்தால் முதலில் இனிப்பு வந்து கதவைத் தட்டும். கதவைத் திறந்ததும் அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து காரம் உள்ளே நுழையும்.

சாறு கொதித்ததும் 300 கிராம் தொக்கைப் போடுங்கள். கடையில் கிடைக்காவிட்டால் பச்சரிசி மாவில் வெந்நீர் விட்டுப் பிசைந்து, ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அழுத்தி அடித்துப் பிசைந்து, விரல் நீளத்துக்கு உருட்டிக்கொள்ளலாம். கொரிய அரிசியில் பசை அதிகம், நம் அரிசியில் குறைவு. அதனால் கொஞ்சம் ஜவ்வரிசி மாவு சேர்த்தால்தான் அந்த இழுவை வரும். நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயத்தாள், இருந்தால் மீன் கேக் துண்டுகள். எட்டு நிமிஷம், அடியிலிருந்து கிளறிக்கொண்டே. செல்போனை எடுத்தால் அடிப்பிடித்துவிடும். கடைசியாக ஒரு கப் தண்ணீரும் அரைப் பாக்கெட் நூடுல்ஸும். நூடுல்ஸ் பொல்லாத தாகக்காரன், குழம்பையெல்லாம் குடித்துவிடும். அதற்காகத்தான் அந்த ஒரு கப். மூன்று நிமிஷத்தில் இறக்கி, வேகவைத்த முட்டையைப் பாதியாக வெட்டி மேலே வையுங்கள்.

முட்டையை யாருக்கு வைத்தீர்கள் என்று கடைசியில் கேட்பேன். இப்போதைக்கு அந்த 'ஒரிஜினல்' விஷயத்துக்கு வருவோம்.

தொக்பொக்கியின் பழைய வடிவத்தில் இந்தச் சிவப்பு நிறமே கிடையாது. அது அரண்மனைப் பண்டம். அரிசி தொக், மாட்டிறைச்சி, காய்கறி, சோயா சாஸ். காரம் இல்லை. கொரியாவில் அதை இன்றைக்கும் அரண்மனைத் தொக்பொக்கி என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, அந்த மிளகாயாவது சொந்தச் சரக்கா? இல்லை. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்த்துக்கீசியர் கப்பலேறி ஆசியாவுக்கு வந்த பயிர். நமக்கும் அப்படி வந்ததுதான். அதற்கு முன் நம் காரம் மிளகு. கொரியாவில் 1614ஆம் ஆண்டு யி சு-குவாங் என்ற அறிஞர் தொகுத்த 'ஜிபொங் யுசொல்' என்ற நூலில் மிளகாயைப் பற்றிக் குறிப்பு இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த செடி, கடும் விஷம், மதுக்கடைகளில் காரத்துக்காக அதைச் சாராயத்தில் கலந்து விற்கிறார்கள், குடித்தவர்கள் நிறையப் பேர் செத்துப் போனார்கள் என்று எழுதியிருக்கிறார். பாவம், இன்று உயிரோடு வந்து பார்த்தால் மனிதர் மயங்கி விழுந்துவிடுவார்.

சிவப்புத் தொக்பொக்கி எப்போது வந்தது என்பதற்குக் கொரியாவில் பிரபலமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1953ஆம் ஆண்டு. கொரியப் போர் ஓய்ந்த வருஷம். மா பொக்-ரிம் என்ற பெண்மணி ஒரு சீன உணவகத்தின் திறப்புவிழாவுக்குப் போயிருந்தபோது, கையிலிருந்த தொக் கருப்பு சாஸ் நூடுல்ஸுக்குள் விழுந்துவிட்டது. எடுத்துச் சாப்பிட்டால், அட, நன்றாக இருக்கிறதே! அந்தக் கருப்பு விழுதோடு கோச்சுஜாங்கையும் கலந்து, சியோல் நகரத்தின் சிந்தாங்-தோங் பகுதியில் தெருவோரத்தில் அடுப்பு வைத்து விற்க ஆரம்பித்தார். பின்னால் அந்த இடமே தொக்பொக்கித் தெரு ஆகிவிட்டது. 1990களில் ஒரு கோச்சுஜாங் விளம்பரத்தில் தோன்றி, தன் குழம்பின் ரகசியம் மருமகளுக்குக்கூடத் தெரியாது என்று அவர் சொன்னது நாடு முழுக்கப் பிரசித்தம். 2011 டிசம்பரில் காலமானார்.

ஆக, 'ஒரிஜினல்' என்று தோண்டிக்கொண்டே போனால் கிணறு ஆழமாகிறதே தவிர தண்ணீர் வரவில்லை. அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிடலாம். நம் கேள்வி மைதாவைப் பற்றியது.

போருக்குப் பிறகு தென் கொரியாவில் அரிசிப் பஞ்சம். அமெரிக்காவில் அதே சமயம் கோதுமை மலை மலையாகக் குவிந்து கிடந்தது. 1954இல் அமெரிக்கா பி.எல். 480 என்றொரு சட்டம் போட்டு, உபரி தானியத்தை மற்ற நாடுகளுக்கு அனுப்ப ஆரம்பித்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். 1956இல் இந்தியாவும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. இரண்டு வருஷம் தொடர்ந்து மழை பொய்த்ததால், 1966இல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டுக் கப்பல்களிலிருந்து நம் துறைமுகங்களில் இறங்கியது. சோறு தின்று பழகிய நம் வீடுகளுக்குள் ரேஷன் கோதுமை நுழைந்த காலம். அன்று முகம் சுளித்து வாங்கிய கோதுமையைத்தான் இன்று டாக்டர், 'ராத்திரி ரெண்டு சப்பாத்தி' என்று எழுதிக் கொடுக்கிறார். அது வேறு கதை.

கொரியாவில் இந்தக் கோதுமை அரசாங்கக் கொள்கையாகவே ஆனது. அரிசியைக் குறையுங்கள், பார்லி கலந்து சாப்பிடுங்கள், மாவுப் பண்டம் சாப்பிடுங்கள், அதுதான் உடம்புக்கு நல்லது என்று 1960களிலும் 70களிலும் ஓயாத பிரசாரம். பார்க் சுங்-ஹீயின் ராணுவக் கெடுபிடி ஆட்சி, பிரசாரத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1969லிருந்து புதன், சனிக்கிழமைகளில் பகல் நேரத்தில் உணவகங்களில் அரிசிச் சோறு விற்கக் கூடாது. அரிசியில் மக்கொல்லி என்ற மதுபானம் தயாரிக்கவும் தடை. பள்ளிக்கூடத்தில் மதியம் வாத்தியார் வந்து, டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்லிச் சோதனை போடுவார். சோற்றில் போதுமான பார்லி கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். வெறும் அரிசிச் சோறு கொண்டுவந்த பிள்ளைகள் பக்கத்துப் பையனிடம் நாலு பார்லி மணி கடன் வாங்கி மேலே தூவிக்கொள்வார்களாம். உலகத்தில் எந்த ஊர்ப் பிள்ளையானாலும் பிள்ளை பிள்ளைதான்.

ராமியோனும் இதே அடுப்பில் பிறந்ததுதான். ஜொன் ஜுங்-யுன் என்ற தொழிலதிபர், சியோல் சந்தை ஒன்றில் ஜனங்கள் நீண்ட வரிசையில் நிற்பதைப் பார்த்தார். எதற்கு? அமெரிக்க ராணுவ முகாம்களில் மிஞ்சிக் கழித்ததையெல்லாம் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சிக்கு. அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் 'பன்றிக் கஞ்சி'. ஐந்து வோன் கொடுத்து அதை வாங்க வரிசை. மனம் பொறுக்காமல் ஜப்பானுக்குப் போய், உடனடி நூடுல்ஸ் தொழில்நுட்பத்தை வாங்கிவந்து, 1963 செப்டம்பரில் கொரியாவின் முதல் ராமியோனை வெளியிட்டார். விலை பத்து வோன். அவருடைய சம்யாங் நிறுவனம் இன்றும் பெருமையோடு சொல்லும் கதை இது. இன்று கொரியர் ஒருவர் வருஷத்துக்குச் சராசரியாக எழுபதுக்கும் மேற்பட்ட பாக்கெட் நூடுல்ஸ் சாப்பிடுகிறார்.

அரிசிக்குத் தட்டுப்பாடு, கோதுமை மாவு மலிவு. தெருவோரக் கடைக்காரர் வேறு என்ன செய்வார்? மைதாவில் தொக் உருட்டினார். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்த பையன் சில்லறையை நீட்டி, நின்றபடி சாப்பிட்டான். நாக்கில் காரம், கண்ணில் தண்ணீர், பக்கத்தில் சிநேகிதன். அவன்தான் இன்று கடையில் மைதா பாக்கெட் எடுக்கிற அறுபது வயதுக்காரர்.

இப்போது கேள்வி. அவருக்கு மைதா தொக் பிடித்திருக்கிறது. நிஜமாகவே பிடித்திருக்கிறது. ஆனால் அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேறு வழியில்லாததால் அவர் கையில் திணிக்கப்பட்டது. அப்படிப் பிடித்துப்போனதை 'பிடித்தது' என்று சொல்லலாமா?

'பிடிச்சிருக்கில்ல, அப்புறம் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் இந்த 'அப்புறம் என்ன' இருக்கிறதே, அது கொஞ்சம் ஆபத்தான வார்த்தை.

நரியும் திராட்சையும் கதை உங்களுக்குத் தெரியும். எட்டாத பழத்தைப் பார்த்து, 'சீச்சீ, புளிக்கும்' என்றது நரி. நார்வே நாட்டுச் சிந்தனையாளர் யோன் எல்ஸ்டர் 1983இல் ஒரு புத்தகம் எழுதினார். அதன் பெயரே 'புளித்த திராட்சைகள்'தான். அவர் கேட்டது இது: அந்த நரியை 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டால், 'திராட்சை வேண்டாம்' என்று நேர்மையாகவே பதில் சொல்லும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு, நரிக்குத் திராட்சை கொடுக்காதது சரி என்று தீர்ப்பு எழுதலாமா? கிடைக்காததை வேண்டாம் என்றும், கிடைத்ததைப் பிடிக்கும் என்றும் மனசு தன்னைத்தானே தைத்துச் சிறிதாக்கிக்கொள்கிறது. தைத்தது அதற்கே தெரியாது.

அமர்த்தியா சென் இதே விஷயத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறார். படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. 1944, வங்காளப் பஞ்சத்துக்கு மறு வருஷம். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூரில் ஒரு சுகாதார ஆய்வு. துணையை இழந்தவர்களிடம் உடல்நிலை எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் 'நோய்' அல்லது 'சுமார்' என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் வெறும் 2.5 சதவீதம். அதிலும் 'சுமார்' என்று சொன்ன ஆண்கள் 45.6 சதவீதம், பெண்களில் ஒருவர்கூட இல்லை.

விதவைகள் எல்லாம் திடகாத்திரமாக இருந்தார்களா என்ன? வெள்ளைப் புடவையும் ஒரு வேளைச் சோறும் விதித்திருந்த அந்தக் காலத்தில்? குறை சொல்லலாம் என்கிற எண்ணமே அவர்களிடமிருந்து உதிர்ந்துபோயிருந்தது. 'நல்லாத்தான் இருக்கேன்' என்று அவர்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம்.

இப்போது நம் வீட்டுப் பேச்சுக்கு வாருங்கள். 'வேலைக்கார அம்மாவுக்குப் பழையதுதாங்க பிடிக்கும்.' 'அவங்க தரையில உட்கார்ந்தாத்தான் சாப்பிடுவாங்க, சேர்ல உட்காரச் சொன்னா கூச்சப்படுவாங்க.' 'வாட்ச்மேனுக்கு அந்த ரூமே ஜாஸ்தி, சந்தோஷமா இருக்கார்.' 'அம்மாவுக்கு அடிச்சட்டிதான் பிடிக்கும்.' எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்? எல்லாம் உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் கவனியுங்கள். அடுத்தவருக்கு எது பிடிக்கும் என்று நாம் இவ்வளவு நிச்சயமாகச் சொல்வது, அது நமக்குச் செலவைக் குறைக்கிற இடங்களில்தான். 'வேலைக்கார அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவுதான் பிடிக்கும்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

எல்ஸ்டரும் சென்னும் சொல்வதைக் கேட்டுவிட்டு, அந்த அறுபது வயதுக்காரரிடம் போய், 'ஐயா, உங்களுக்கு மைதா தொக் பிடிக்கவில்லை, பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அமெரிக்கக் கோதுமையும் ராணுவ ஆட்சியும் உங்கள் நாக்கைத் தைத்துவிட்டன' என்று சொன்னால்? தொக்கை உங்கள் மேல் வீசுவார். வீசவும் வேண்டும்.

ஏனென்றால் அதுவும் ஒரு அவமானம்தான். இல்லாதவனின் ஆசை எல்லாம் போலி, இருக்கிறவனின் ஆசைதான் நிஜம் என்று சொல்வதில் ஒரு திமிர் இருக்கிறது. அரண்மனையில் பிறந்து சோயா சாஸ் தொக்பொக்கி சாப்பிட்ட இளவரசன் மட்டும் தேர்ந்தெடுத்தா சாப்பிட்டான்? தட்டில் வைத்ததைத்தான் அவனும் தின்றான். நாம் யாருமே நம் முதல் ருசியைத் தேர்ந்தெடுத்ததில்லை. அம்மா ஊட்டியது உள்ளே போனது, அவ்வளவுதான்.

மைதா வந்தது வேண்டுமானால் அரசாங்கத்தால். அதைச் சுவையாக்கியது அரசாங்கம் இல்லை. மா பொக்-ரிம் போன்ற தெருவோரப் பெண்கள், தங்கள் கை வேலையால் அதைச் செய்தார்கள். பற்றாக்குறை கொடுத்தது வெறும் மாவு. மீதியெல்லாம் மனுஷி கொடுத்தது.

அப்படியானால் இரண்டில் எது சரி? அந்த ருசி ஏமாற்றா, நிஜமா?

கொரியாவே ஒரு வழி காட்டுகிறது. அங்கே ஒரு கதவு திறந்தது. அதிக மகசூல் தரும் நெல் ரகங்கள் வந்தன. 1977இல் அரிசியில் தன்னிறைவு வந்துவிட்டதாக அறிவித்தார்கள். அரிசி மக்கொல்லிக்கு மறுபடி அனுமதி. டிபன் பாக்ஸ் சோதனையும் மெல்ல மெல்ல மறைந்தது. யார் வேண்டுமானாலும் அரிசி சாப்பிடலாம்.

என்ன நடந்தது என்று பாருங்கள். அதே மைதாவில் சுஜேபி என்று ஒரு சூப் உண்டு. பிசைந்த மாவைக் கையால் பிய்த்துக் கொதிக்கிற தண்ணீரில் போடுவது. பஞ்ச காலத்தில் தினமும் அதையே தின்ற தலைமுறையில், 'இனி ஜென்மத்துக்கும் அதைத் தொடமாட்டேன்' என்று வைராக்கியமாக இருப்பவர்கள் உண்டு. பார்லிச் சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. ஆனால் அதே தலைமுறை, அதே மைதாவில் செய்த தொக்பொக்கியை விடவில்லை. அரிசி தொக் வந்த பிறகும் மைதா தொக் கடையில் இருக்கிறது. அதற்கென்று ரசிகர்கள் இருக்கிறார்கள். அரிசி தொக் மெல்ல மெல்ல இழுவை, ஆறினால் கட்டி. மைதா தொக் மெத்தென்று குழம்பை உறிஞ்சிக்கொள்ளும் என்று காரணமும் சொல்வார்கள். இரண்டு கட்சிக்கும் சண்டையே நடக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அரசாங்கமே தலைகீழானது. 1970இல் கொரியர் ஒருவர் வருஷத்துக்கு 136 கிலோ அரிசி சாப்பிட்டார். 2024இல் அது 56 கிலோவுக்கும் கீழே. டிபன் பாக்ஸைத் திறந்து அரிசியைத் தேடிய அரசாங்கம், இப்போது 'தயவுசெய்து அரிசி சாப்பிடுங்கள்' என்கிறது. 2009இல் அரிசி தொக்பொக்கியை உலகமெங்கும் கொண்டுபோக, அரசாங்க ஆதரவில் ஒரு ஆராய்ச்சி நிலையமே தொடங்கினார்கள். ஜனங்கள் சிரித்துக்கொண்டே தங்களுக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குப் புரிவது இதுதான். கதவு மூடியிருக்கும்போது, உள்ளே இருப்பவர் 'எனக்கு இந்த அறைதான் பிடிக்கும்' என்று சொன்னால் அதை வைத்து ஒன்றும் முடிவுகட்ட முடியாது. அது சுஜேபியா, தொக்பொக்கியா என்று அவருக்கே தெரியாது. கதவைத் திறந்துவிட்ட பிறகும் அவர் அங்கேயே உட்கார்ந்தால் அது ஆசை. எழுந்து வெளியே போனால், இத்தனை நாள் இருந்தது பொறுமை.

அதனால், கதவைத் திறக்கிற சக்தி யாரிடம் இருக்கிறதோ, அவருக்கு மட்டும், 'அவங்களுக்கு அதுதான் பிடிக்கும்' என்று சொல்லும் உரிமை கிடையாது. உள்ளே இருப்பவர் சொல்லலாம். சாவி வைத்திருப்பவர் சொல்லக் கூடாது. பற்றாக்குறையிலும் ஒருவர் ருசியைக் கண்டுபிடித்தார் என்றால் பெருமை அவருக்கு. அதைக் காரணம் காட்டி, பற்றாக்குறைக்கு நற்சான்றிதழ் கொடுக்கக் கூடாது. மைதா தொக்பொக்கி அற்புதம். அதற்காக, பிள்ளையின் டிபன் பாக்ஸைத் திறந்து சோதித்தது நல்ல காரியம் ஆகிவிடாது. இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொள்ள முடியும். கொரியர்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. கதவை ஒரு தடவை திறந்துவிட்டு, 'பாத்தியா, வெளியே வரலை, அவங்களுக்கு இதுதான் பிடிக்கும்' என்று உடனே சாத்திவிடக் கூடாது. சிங்கூர் விதவையிடம் திடீரென்று ஒருநாள், 'என்ன வேணும், கேளுங்க' என்று சொன்னால் என்ன கேட்பார்? 'ஒண்ணும் வேண்டாம்பா' என்பார். வேண்டும் என்று சொல்லிப் பழகவே வருஷங்கள் ஆகும். கொரியர்களுக்கும் கதவு ஒரே நாளில் பழகிவிடவில்லை.

சரி, ராபொக்கி ஆறுகிறது. முட்டையை யாருக்கு வைத்தீர்கள்?

பெரும்பாலான வீடுகளில் பதில் எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குப் பாதிப் பாதி. பாத்திரத்தின் அடியில் குழம்பு வற்றி, உடைந்த தொக்கும் நாலு நூடுல்ஸும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது சமைத்தவருக்கு. கேட்டால், 'எனக்கு முட்டை அவ்வளவாப் பிடிக்காதுடா, அடியில இருக்கிறதுலதான் மசாலா ஏறியிருக்கும்' என்று பதில் வரும்.

உண்மையாக இருக்கலாம். அடியில் இருக்கிறதில் நிஜமாகவே மசாலா ஏறியிருக்கும், அது வேறு.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று செய்து பாருங்கள். சமையலை நீங்கள் செய்யுங்கள். எல்லாரும் உட்காருவதற்கு முன்னால், முழுப் பாத்திரத்தையும் கரண்டியையும் அவரிடம் முதலில் நீட்டுங்கள். 'நீங்களே எடுத்துக்கோங்கம்மா, எது வேணுமோ' என்று சொல்லுங்கள். திகைப்பார். 'நீங்கள்லாம் சாப்பிடுங்க, எனக்கென்ன அவசரம்' என்பார். முதல் வாரம் ஓரமாக இரண்டு தொக் மட்டும் எடுத்துக்கொள்வார். பரவாயில்லை. அடுத்த வாரமும் நீட்டுங்கள். அதற்கடுத்த வாரமும்.

பத்தாவது வாரம் அவர் கரண்டி நேராக முட்டைக்குப் போகலாம். அல்லது, நன்றாகக் கிளறி, அடியைச் சுரண்டி, 'எனக்கு இதுதான்டா' என்று சந்தோஷமாக எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டில் எது நடந்தாலும் சரி. அன்றைக்குத்தான் உங்களுக்கு முதல்முறையாகத் தெரியும், அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று.